தலையெழுத்தா, தவறிய பாடமா?

"எல்லாம் தலையெழுத்து, ஐயா!"

திருப்போரூர் கந்தசாமி கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி இப்படிச் சொன்னாள். அவளுடைய மகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். இப்பொழுது அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்து சரம் தொடுக்கிறாள். "ஏன் அம்மா நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு படம் நினைவுக்கு வந்தது. 2008-ம் ஆண்டு வெளிவந்த "ஸ்லம்டாக் மில்லியனர்". இங்கிலாந்துக்காரரான டேனி பாயில் எடுத்தது. எட்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. அவற்றில் இரண்டு நம் ஏ.ஆர்.ரகுமானுக்குக் கிடைத்தவை. மேடையில் நின்று அவர் தமிழில் இறைவனுக்கு நன்றி சொன்னாரே, அதை யார் மறப்பார்கள்!

கதை இதுதான்: ஜமால் ஓர் ஏழைப் பையன். பம்பாய்ச் சேரியில் பிறந்தவன். டீ கொடுத்துப் பிழைக்கிறவன். டெலிவிஷனில் நடக்கும் கேள்விப் போட்டிக்குப் போகிறான். பணத்துக்காக அல்ல! சிறு வயதில் பிரிந்துபோன லத்திகா எங்கிருந்தாவது தன்னைப் பார்ப்பாள் என்ற ஆசை. கேள்விக்கு மேல் கேள்வியாகப் பதில் சொல்கிறான். "சேரிப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று போலீசார் பிடித்து உதைக்கிறார்கள். கடைசியில் இரண்டு கோடி ரூபாயும் கிடைக்கிறது, காதலியும் கிடைக்கிறாள். எப்படி ஜெயித்தான்? "அப்படி எழுதியிருக்கிறது" என்று படம் முடிகிறது.

இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ராமர் கையில் இருப்பது என்ன என்று ஒரு கேள்வி. அவனுக்குப் பதில் தெரியும். மதக் கலவரத்தில் தாயைப் பறிகொடுத்த அன்று, ராமர் வேஷம் போட்ட ஒரு சிறுவனை அவன் பார்த்தான். அமெரிக்க நோட்டில் இருப்பவர் யார்? அதுவும் தெரியும். பிச்சை எடுக்க வைப்பதற்காகக் கண்ணைக் கெடுத்தார்களே ஒரு தோழனை, அவன் சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் அவன் கொடுத்த விலை கண்ணீர். இதற்கு விதி என்று பெயர் வைப்பது அவன் பட்ட பாட்டை மறைப்பதாகும்.

கடைசிக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. "மூன்று வீரர்கள்" கதையில் மூன்றாவது வீரன் பெயர் என்ன? குருட்டாம்போக்கில் ஒரு பதிலைச் சொன்னான். அது சரியாகிவிட்டது.

கவனியுங்கள்! அந்தக் கதை அவன் படித்த பள்ளிக்கூடத்தில் நடந்த பாடம். முதல் இரண்டு வீரர்கள் பெயர் தெரியும். மூன்றாவது பெயர் வருவதற்குள் கலவரம் வந்தது. தாய் போனாள். பள்ளிக்கூடமும் போயிற்று. பள்ளிக்கூடம் கொடுத்திருக்க வேண்டிய அந்தப் பதிலுக்கு அவன் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருந்தது!

படத்தை விடுங்கள். சின்ன லத்திகாவாகவும் ஜமாலின் சின்ன அண்ணனாகவும் நடித்த இரண்டு குழந்தைகளும் உண்மையிலேயே சேரியில் வாழ்ந்தவர்கள். 2009 பிப்ரவரியில் ஆஸ்கார் விழாவுக்கு அமெரிக்கா போய் வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அவர்களுடைய குடிசைகள் இடிக்கப்பட்டன! அவர்கள் படிப்புக்கும் வீட்டுக்கும் படம் எடுத்தவர்கள் ஒரு அறக்கட்டளை அமைத்து உதவினார்கள். உலகமே பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் கதி என்றால், யாரும் பார்க்காத பிள்ளைகள்?

நம் "காக்கா முட்டை" எனக்கு இதைவிடப் பிடிக்கும். பீட்சா தின்ன ஆசைப்பட்ட சென்னைச் சேரிச் சிறுவர்கள் இருவர், ரயில் பாதையில் சிந்திய கரியைப் பொறுக்கிக் காசு சேர்ப்பார்கள். அங்கே விதி வந்து கதவைத் தட்டுவதில்லை. வள்ளுவர்கூட ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார்; விடாமுயற்சிக்குத் தனியாக இன்னோர் அதிகாரம் வைத்தார்.

பூக்கார அம்மாளிடம் ஜமால் கதையைச் சொன்னேன். இரண்டு கோடி என்றதும் அவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மூணாவது வீரன் பேர் என்னங்க ஐயா?"

"அராமிஸ்."

"அராமிஸ்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பூ வாடுது, சீக்கிரம் கட்டுடீ!" என்றாள் தாய்.