காத்திருப்பும் ஒரு கட்டணமே!

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் 'டவுனுக்குப் போய்வருகிறேன்' என்று சொல்லிக் கிளம்புபவர்களின் தேவைகள் பலவிதம். மல்லிகையைப் பறித்த கையோடு பூச்சந்தைக்கு வருபவருக்கு, நேரம் தவறினால் விலை தவறிவிடும். விசைத்தறிக் கூடத்துக்கு வருபவருக்கு வேலை தொடங்கும் நேரம் முக்கியம். அரசு மருத்துவமனையில் மாதாந்திர மாத்திரை வாங்க வரும் மூதாட்டி, புறநோயாளிகள் பிரிவு மூடுவதற்குள் வந்து சேர வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வருபவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். இவர்கள் அனைவர் முன்னும் தினமும் காலையில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எதில் போவது?

இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். பெருநகரங்களில் மெட்ரோ ரயில் வேண்டுமா, மேம்பாலம் வேண்டுமா என்று ஆண்டுக்கணக்கில் விவாதிக்கிறோம். ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு நகராட்சியில், வீட்டிலிருந்து ஊர் நடுவுக்கு மக்கள் எப்படி வந்து போகிறார்கள் என்பது விவாதத்துக்கே வருவதில்லை. ஆனால், தமிழ்நாட்டின் கணிசமான மக்கள் இத்தகைய சிறு நகரங்களையும் அவற்றைச் சார்ந்த கிராமங்களையும் சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோரிடம், பணியிடத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. நாடு முழுவதும் அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் நடந்தே சென்றனர். மிதிவண்டியில் சென்றவர்கள் சுமார் 13%. ஏறத்தாழ அதே அளவினர் இருசக்கர மோட்டார் வாகனத்தில் சென்றனர். பேருந்தில் சென்றவர்கள் சுமார் 11%. காரில் சென்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. அதற்குப் பிறகு இருசக்கர வாகனங்கள் பெருகியிருப்பதைப் புள்ளிவிவரம் இல்லாமலே எந்தத் தெருவிலும் காணலாம். இந்த மாற்றம் மக்களின் விருப்பத்தால் மட்டும் நிகழ்ந்ததா என்பதே நாம் ஆராய வேண்டியது.

முதலில், ஊருக்குள்ளேயே வசிப்பவர்களை எடுத்துக்கொள்வோம். சங்கரநாராயணர் கோயிலையும் ரத வீதிகளையும் நடுவாகக் கொண்டு வளர்ந்த ஊர் இது. நகரின் பெரும்பாலான தெருக்களிலிருந்து கோயில் வாசலுக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். நடந்தால் அரை மணி நேரம். மிதிவண்டியில் பத்து நிமிடம். இவ்வளவு கைக்கெட்டிய தூரத்துக்கும் இன்று வண்டிச் சாவியைத் தேடுகிறோம் என்றால், அதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. நடப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம் நம் சிறு நகரங்களில் அரிது. சாக்கடையின் மேல்மூடியே நடைபாதை. அதன் மீது கடைப் பலகையும் நிறுத்தி வைத்த வண்டியும் இருக்கும். நடப்பவர் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆடித்தபசு நாளை நினைத்துப் பாருங்கள். வெளியூர்களிலிருந்து திரளும் கூட்டத்துக்காக வாகனங்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. ரத வீதிகள் முழுவதும் மனிதர்கள். குழந்தையைத் தோளில் சுமந்தவரும், கோலூன்றிய முதியவரும் அதே வீதியில் நடந்து சென்று அம்பாளின் தபசுக் காட்சியைக் கண்டு திரும்புகின்றனர். ஆண்டின் மற்ற நாள்களில் சில நூறு வண்டிகளால் திணறும் வீதி, அன்று மட்டும் பெருந்திரளைத் தாங்கிக்கொள்கிறது. வீதி குறுகலானது என்பதைவிட, அதை எதற்குக் கொடுத்திருக்கிறோம் என்பதே சிக்கல் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிடுகிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவுபடுத்தியது. அந்த உரிமை ரத வீதிக்கும் பொருந்தும்.

மிதிவண்டியின் கதை இன்னும் வியப்பானது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சேர்த்துப் பல்லாயிரம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டிச் சென்ற பெண்களுக்கு, அது வெறும் வாகனமாக இருக்கவில்லை. யாருடைய துணைக்கும் காத்திராத விடுதலையாக இருந்தது. அத்தகைய மாநிலத்தில், பள்ளிப் படிப்பு முடிந்ததும் மிதிவண்டி திண்ணையோரம் சாய்த்து வைக்கப்படுகிறது. வண்டியைக் கொடுத்த அரசு, அதை அச்சமின்றி ஓட்டுவதற்கான சாலையைக் கொடுக்க மறந்துவிட்டது.

இனி, தொலைவில் இருப்பவர்கள். சங்கரன்கோவிலிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து நடக்க இயலாது. தினமும் மிதிவண்டி மிதிப்பதும் கடினம். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை ஊர் வழியே சென்றாலும், சென்னைக்கும் மதுரைக்கும் போக அது உதவுமே தவிர, பக்கத்துக் கிராமத்தவரின் அன்றாடப் பயணத்துக்கு உதவாது. மிஞ்சுவது இருசக்கர வாகனமும் பேருந்தும்தான். எது மேல்?

இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். வண்டியில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அந்த வண்டிக்கான செலவைச் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால்தான் உண்மையான வேகம் தெரியும் என்றார். அப்படிக் கூட்டிப் பார்த்தபோது, அமெரிக்கரின் காரின் வேகம் மணிக்கு 5 மைலுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறக்குறைய மனிதன் விரைந்து நடக்கும் வேகம்!

அதே கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிதலுக்காக நாள் கூலியை 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலைக்கு 480 நிமிடங்கள். ஆக, ஒரு ரூபாய் என்பது ஒரு நிமிட உழைப்பு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் போக வர 24 கிலோமீட்டர் சென்றால், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் 48 ரூபாய் ஆகும். பயண நேரம் வழிக்கு 25 நிமிடமாக, இருவழிக்கும் 50 நிமிடம். பெட்ரோலுக்காக உழைத்த 48 நிமிடத்தைச் சேர்த்தால் 98 நிமிடம். மாதத் தவணை, பழுது, காப்பீடு, நிறுத்தக் கட்டணம் ஆகியவை இதில் இல்லை. பேருந்தில் வழிக்கு 40 நிமிடமாக இருவழிக்கும் 80 நிமிடம். இருவழிக் கட்டணம் 20 ரூபாய் என்று கொண்டால் ஆணுக்கு 100 நிமிடம். நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லும் பெண்ணுக்கு 80 நிமிடம்தான். பேருந்து இருசக்கர வாகனத்துக்குச் சற்றும் சளைத்ததல்ல. பெண்களுக்கோ தெளிவாக அதுவே சிறந்தது.

ஆனால், இந்தக் கணக்கில் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவைத்தோம். அது காத்திருப்பு. மணிக்கு ஒரு பேருந்து என்றால், நேரம் தெரியாமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக அரை மணி நேரம் நிற்க வேண்டும். போக வர ஒரு மணி நேரம். உடனே அந்தப் பெண்ணின் 80 நிமிடம் 140 ஆகிறது. ஆணின் 100 நிமிடம் 160 ஆகிறது. வெயிலில் நிற்பதும், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு விடுவோமோ என்ற பதற்றமும் எந்தக் கணக்கிலும் வராதவை. தவணையில் வண்டி வாங்கியவர் வேகத்துக்காக வாங்கவில்லை; காத்திருப்பிலிருந்து தப்பிப்பதற்காக வாங்கினார்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. அதனால் பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் சேமிக்கிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. ஏழைக் குடும்பத்தில் அது சிறிய தொகையன்று; அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த நலத்திட்டங்களில் ஒன்றாக இதைக் கருதுவதில் தவறில்லை. எனினும், அந்தச் சலுகை பொதுவாகச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு உரியது. நெடுஞ்சாலையோர ஊர்களில் அடிக்கடி வந்து போவன பெரும்பாலும் திருநெல்வேலிக்கோ ராஜபாளையத்துக்கோ தென்காசிக்கோ செல்லும் புறநகர்ப் பேருந்துகள். அவற்றில் ஏறினால் பெண்ணும் பயணச்சீட்டு வாங்க வேண்டும். எனவே, கையில் காசில்லாதவர் கண்முன் கடந்து செல்லும் பேருந்தை விட்டுவிட்டு, நகரப் பேருந்துக்காக நிற்கிறார். ரூபாயில் செலுத்தாத கட்டணத்தை நேரத்தில் செலுத்துகிறார். நேரத்துக்கு விலை இல்லை என்று நினைக்கும் சமூகத்தில், அதுவும் பெண்களின் நேரத்துக்கு விலை இல்லை என்று பழகிப்போன சமூகத்தில், இந்தக் கட்டணம் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

பேருந்து விட்டுச்சென்ற இடைவெளியைப் பகிர்வு ஆட்டோக்கள் நிரப்புகின்றன. கைகாட்டிய இடத்தில் நிற்பதும், மூட்டையோடு ஏற்றிக்கொள்வதும் அவற்றின் பலம். ஆனால் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்த பிறகும் இன்னும் இருவரை ஏற்றும். இரவில் அவசரத்துக்குத் தனியாக அழைத்தால், கேட்பதே கட்டணம். 1990களின் பிற்பகுதியில் வந்த சிற்றுந்துத் திட்டம், பேருந்து நுழையாத ஊர்களுக்குள் சென்றது. பிறகு வருமானம் இல்லாத தடங்களில் பல சிற்றுந்துகள் நின்றுபோயின. 2025 ஜூனில் தொடங்கப்பட்ட புதிய சிற்றுந்துத் திட்டம், தடத்தின் நீளத்தை 25 கிலோமீட்டர் வரை அனுமதித்து, அதன் பெரும்பகுதி பேருந்து வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால், தனியார் நடத்தும் இச்சிற்றுந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் கிடையாது. கூட்டமில்லாத நண்பகலிலும் இரவிலும் வண்டியை ஓட்ட உரிமையாளருக்கு ஆதாயமும் கிடையாது. அந்த நட்டத்தை ஈடுகட்ட வழி செய்யாவிட்டால், பழைய திட்டத்தின் கதியே புதியதற்கும் நேரும்.

இருசக்கர வாகனமே இனி வழி என்று விட்டுவிடுவதற்கும் ஒரு விலை உண்டு. மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44% பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். பேருந்து வராததால் வண்டி வாங்கிய குடும்பங்களும், நடைபாதை இல்லாததால் சாலையில் இறங்கியவர்களும் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள்.

தென்காசி தனி மாவட்டமாகி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. திருநெல்வேலியை மையமாக வைத்து வகுக்கப்பட்ட தடங்களும் நேரங்களும் புதிய மாவட்டத்தின் தேவைக்கேற்ப முழுமையாக மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். அதற்குப் பெரும் நிதி வேண்டும் என்பதில்லை. மேலே கண்ட கணக்கையே மீண்டும் பாருங்கள். அதே மணிக்கு ஒரு பேருந்து, குறித்த நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால், மக்கள் ஐந்து நிமிடம் முன்னதாக வந்து நின்றால் போதும். 140 நிமிடம் 90 ஆகிவிடும். ஒரு பேருந்துகூடக் கூடுதலாக வாங்காமல் கிடைக்கும் பயன் இது.

எனவே, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேர அட்டவணை எழுதி வைக்கப்பட வேண்டும். அந்த நேரம் காக்கப்படுகிறதா என்று கண்காணிக்கப்பட வேண்டும். நகரப் பேருந்து இல்லாத வேளைகளிலாவது புறநகர்ப் பேருந்துகளில் குறுந்தொலைவுக்குப் பெண்களுக்குச் சலுகை நீட்டிக்கப்பட வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரத்தை, கடைகளும் தறிக்கூடங்களும் மூடும் நேரத்தோடு பொருத்த வேண்டும். நகராட்சி, ரத வீதிகளிலும் மருத்துவமனைச் சாலையிலும் நடப்பவர்களுக்கு இடத்தை மீட்டுத் தர வேண்டும். அங்கே தரைக்கடை வைத்துப் பிழைப்பவர்களுக்கு, தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்வதுபோல உரிய இடம் ஒதுக்கியே அதைச் செய்ய வேண்டும்.

எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன, எத்தனை கோடிப் பயணங்கள் கட்டணமின்றி நடந்தன என்று அரசு கணக்கு வெளியிடுகிறது. அதோடு, ஒரு பயணி நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நின்றார் என்ற கணக்கும் சேரட்டும். மாத்திரைப் பையோடு புளியமர நிழலில் நிற்கும் அந்த மூதாட்டிக்குப் பயணச்சீட்டு இலவசம்தான். அவரது பொழுதும் அவருக்கே மிஞ்சும் நாளில்தான் அந்தப் பயணம் உண்மையில் கட்டணமில்லாப் பயணமாகும்.