பிரதேச சபைச் சட்டத்தில் எமக்கும் ஓர் இடம்

ஒரு மாரிகாலத்தில் நலன்புரி நிலையமொன்றின் மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. குடும்பத் தலைவர்கள் சிலருடன் நாமும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். "நீங்கள் இங்கே சோலைவரி கட்டுகிறவர்கள் இல்லையே" என்றார் ஒருவர். "உங்கள் சொந்த ஊர்ச் சபையைக் கேளுங்கள்" என்றார் இன்னொருவர். சொந்த ஊரோ முட்கம்பிக்கு அப்பால் கிடந்தது. ஐந்தாம் நாள் முகாம் இளைஞர்களே மண்வெட்டி எடுத்துப் புதுக்குழி வெட்டினார்கள்.

அதன் பிறகே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்து வாசித்தோம். (முன்னரே வாசித்திருக்க வேண்டும்.) பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் ஆகியவற்றோடு மக்களின் நலனைப் பேணுவதும் சபையின் கடமை என்று அது கூறுகிறது. மக்கள் வரி கட்டுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை.

ஒரு சட்டப் பிரிவு எவ்வளவு தூரம் மனிதரைத் தள்ளி வைக்கும் என்பதற்கு மலையகம் சாட்சி. தோட்ட மக்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களாகவும் வந்தார்கள். ஆயினும் இதே சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, லயன்களுக்குப் போகும் பாதைக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். 2018இல்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. முப்பத்தொரு வருடங்கள்! வன்னியில் எமது அயலவர்களாக இருக்கும் பலர் அந்த லயன்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளே.

எமது சிக்கல் வேறு விதமானது. 2013ஆம் ஆண்டின் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்று, இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிய வழி செய்தது. அதை வரவேற்றோம், ஊரோடுள்ள உரிமையை அது காத்தது. ஆனால் வாக்கு அங்கே, குடிக்கிற தண்ணீர் இங்கே என்றானபோது, இங்குள்ள உறுப்பினருக்கு எம்மால் ஆவது ஒன்றுமில்லை என்றாயிற்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களில் இன்னும் காணி விடுபடாதோர் இருக்கிறார்கள். இத்தனை காலம் இருந்த இடத்தில் அவர்கள் விருந்தாளிகளா?

சட்டத்தின் 12ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத, அப்பகுதியில் வசிப்பவர்களையும் சேர்க்கலாம். "சேர்க்கலாம்" என்பதே குறை. அதைச் "சேர்த்தல் வேண்டும்" என்று மாற்றும்படி கேட்கிறோம். வசிப்பவர் என்ற சொல் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவரையும் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவரையும் குறிக்கும் என்று தெளிவாக எழுதப்படவும் வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு நடப்பவர்கள் பெண்களாதலால், அக்குழுக்களில் பாதிப்பேர் அவர்களாக இருப்பது நியாயம்.

இன்னொன்று. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலோ 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கு மேலாகச் செயலாளர்களே எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள். அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். ஆனாலும் கேள்வி கேட்க ஆளில்லை. சபை இல்லாத காலத்திலும் இக்குழுக்கள் கூடிக் கணக்கைப் பார்க்கும் உரிமையைச் சட்டம் கொடுக்க வேண்டும்.

ஊர்க்காரர் சிலர் இதை விரும்பமாட்டார்கள். எங்கள் வரியில் இவர்களுக்கு என்ன பங்கு என்பார்கள். அந்தக் கோபத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. இடம்பெயர்ந்தோருக்குச் சேவை செய்யும் சபைக்கு அரசாங்கம் மேலதிக நிதி ஒதுக்காவிட்டால் சண்டை கிணற்றடியில்தான் நடக்கும்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் இதைக் கேட்க வேண்டிய இடம் பாராளுமன்றமே. அதற்கிடையில் 12ஆம் பிரிவு இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் கூடி இரண்டு பெயர்களைத் தெரிந்து, தவிசாளருக்குக் கடிதம் எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரதியொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.