வயதிற்கேற்ற சுருக்கம்

ஐந்தாண்டுகளுக்கு முன் நம் தந்தையாரின் மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோது, அறிக்கையின் இறுதியில் ஒரே ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னால், 'வயதிற்கேற்ற மூளைச் சுருக்கம்' என்பது அதன் பொருள். அப்போது அவருக்கு வயது 74. பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாப்பருங்கலக் காரிகையை நூலைப் பாராமலே நடத்தியவர். நாம் வெண்பா படிக்கையில் தளை தட்டினால் அடுத்த அறையிலிருந்து திருத்தம் வரும். அத்தகையவர், நாள்தோறும் சென்றுவரும் நூலகத்திலிருந்து வீட்டிற்கு வழி தெரியாமல் ஒரு மாலை கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். அதன் பின்னரே படம் எடுத்தோம்.

அறிக்கை வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். 'வயசுக்கேத்த மாதிரிதான் இருக்காம்' என்று உறவினர்க்கெல்லாம் தொலைபேசியில் சொல்லியாயிற்று. அந்த ஆறுதலிலேயே இரண்டாண்டுகள் கழிந்தன. அதற்குள் அவர் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்க இயலாதவரானார். எடுத்த பணத்தை மறந்து, வங்கிக்குச் சென்று வழக்காடினார். பேரனைத் தம் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். பிறகு வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் பழைய படத்தைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நம் அன்னையாரிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன் பின்னரே நோயின் பெயரைச் சொன்னார்.

முதல் அறிக்கையை எழுதியவர் மீது நமக்குச் சினமில்லை. அவர் பொய் எழுதவில்லை. 'வயதிற்கேற்ற' என்ற ஒரு சொல்லைத் தீர்ப்பாக வாசித்தவர்கள் நாம். சொற்களை வாசிப்பதே தொழிலாகக் கொண்ட நாமே அப்படி வாசித்தோம் என்பதுதான் உறுத்துகிறது.

மூப்பு வேறு, மறதிநோய் வேறு என்பதை மருத்துவமே காலந்தாழ்த்தித்தான் ஏற்றுக்கொண்டது. 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், 51 வயதுப் பெண்ணொருவரை அலாய்ஸ் அல்சைமர் கண்டார். 1906-இல் அப்பெண் இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் அதே ஆண்டு ஓர் அவையில் எடுத்துரைத்தார். 1910-இல் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆயினும் நெடுங்காலம் அப்பெயர் நடுவயதில் நோயுற்றோர்க்கே உரியதாக இருந்தது. முதியோருக்கு வந்தால் அது முதுமையின் தளர்ச்சி, அவ்வளவே. இரண்டும் ஒரே நோய்தான் என்று 1976-இல் ராபர்ட் காட்ஸ்மேன் எழுதிய தலையங்கமே மருத்துவ உலகின் பார்வையைத் திருப்பியது.

நம் மொழியிலும் இதே குழப்பம் உண்டு. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்தல்' என்பர். இங்கே 'வயசாயிட்டா அப்படித்தான்' என்போம். இவற்றில் பரிவு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நோயையும் வயதின் கணக்கிலேயே எழுதிவிடும் வழக்கமும் இவற்றில் இருக்கிறது.

இனி, படத்தால் ஆவது என்ன?

முதலாவது, வேறு காரணங்களைக் காட்டுவது. மண்டையோட்டின் உள்ளே மெல்லக் கசிந்து தேங்கிய குருதி, கட்டி, மூளைத்திரவம் மிகுந்து அறைகள் விரிதல் ஆகியவையும் முதியோரிடம் மறதியாகவே வெளிப்படக்கூடும். மூளைத்திரவம் மிகும் நிலையில் நடை தடுமாறும், சிறுநீர் கட்டுப்படாது, நினைவும் மங்கும். 1965-இல் ஹக்கீமும் ஆடம்ஸும் விவரித்த இந்நிலையில், திரவத்தை வடிக்கும் குழாய் பொருத்தினால் பலர் தேறுகின்றனர். ஒரு சாதாரண சி.டி. படமே இவற்றிற்கான துப்பைத் தந்துவிடும். 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று வீட்டிலேயே இருத்திவிட்டால், தீரக்கூடியதும் தீராமற் போகும்.

இரண்டாவது, சுருக்கம் எங்கே, எவ்வளவு விரைவில் என்று காட்டுவது. மூப்பில் எல்லோர் மூளையும் சுருங்குகிறது. அல்சைமர் நோயோ, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்னதாகத் தாக்குகிறது. நலமுள்ள முதியோரிடம் அப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு குறையுமெனில், நோயுற்றோரிடம் 4 விழுக்காட்டளவு குறைகிறது. எனவே ஒற்றைப் படத்தைவிட, ஓரிரு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்கள் அதிகம் பேசும். நம்மிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. அதன்பின் நாம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டோம்.

மூன்றாவது, பெட் ஸ்கேன். மூளையின் எப்பகுதி சர்க்கரையைக் குறைவாகப் பயன்படுத்துகிறது என்பதை ஒருவகைப் பெட் காட்டும். மற்றொரு வகை, அமிலாய்டு என்னும் புரதப் படிவையே காட்டும். பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ஆக்கிய சேர்மத்தைக் கொண்டு எடுத்த அத்தகைய படங்கள் 2004-இல் வெளியாயின. இறந்தபின் நுண்ணோக்கியில் மட்டுமே கண்டதை, உயிரோடிருப்பவரிடம் காணும் வழி பிறந்தது.

அப்படியானால் ஐயம் தீர்ந்ததா? இல்லை. அமிலாய்டு படிந்தும் நினைவு குன்றாதோர் பலர். 2015-இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வின்படி, நினைவாற்றல் இயல்பாக உள்ளவர்களிலேயே 50 வயதில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், 90 வயதில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் அப்படிவு உண்டு. படிவைக் கண்டதுமே நோயாளி என்று முத்திரை குத்தினால், நலமாக வாழும் எத்தனையோ முதியவர்களை அச்சத்தில் தள்ளுவோம்.

இவ்விடத்தில் அமெரிக்கக் கன்னியர் ஆய்வை நினைவுகூர்தல் தகும். 1986-இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய அவ்வாய்வில் 678 கன்னியர் பங்கேற்றனர். இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்குத் தந்தனர். அவர்களுள் மேரி என்ற கன்னியர் 101 வயதில் மறையும்வரை தெளிந்த அறிவோடு இருந்தார். அவரது மூளையிலோ அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன. அக்கன்னியருள் ஒரு பகுதியினர் இருபதுகளில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளையும் ஆய்வாளர்கள் வாசித்தனர். வாக்கியங்களில் கருத்துச் செறிவு குறைந்திருந்தோரிடையே, முதுமையில் நோய் மிகுந்திருந்தது. இது காரணகாரியத் தொடர்பென்று துணிய முடியாது. எனினும், ஒருவர் ஆயுள் முழுதும் ஈட்டிய மொழியும் பழக்கமும் ஒற்றைப் படத்திற்குள் அடங்குவன அல்ல என்பதை இது உணர்த்துகிறது.

ஆகவே நம் கருத்து இது. படம் ஒரு சாட்சி, வலுவான சாட்சி. ஆனால் தீர்ப்பு வழங்க இன்னொரு சாட்சியும் வேண்டும். அது உடன் வாழ்பவரின் வாக்குமூலம். மூப்பின் மறதியை நாமும் அறிவோம். வகுப்பில் ஒரு புலவரின் பெயர் நாவில் நின்று வராமல், மாடிப்படி இறங்குகையில் வந்துவிடும். நோயின் மறதி அத்தகையதன்று. நேற்றுவரை தானாகச் செய்த செயல் இன்று கைவிட்டுப் போகிறது. போனதே அவருக்குத் தெரிவதில்லை. இந்த வேறுபாட்டை முதலில் காணும் வாய்ப்பு வீட்டாருக்கே உண்டு.

அந்தச் சாட்சி நம்மிடையே எப்படி இருக்கிறது? வளரும் நாடுகளில் முதியோரின் மறதிநோயை ஆராய்ந்த 10/66 என்ற குழு, சென்னையிலும் வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் ஆய்வு நடத்தியது. 2008-இல் வெளிவந்த அதன் முடிவில், அமெரிக்க மனநலக் கையேட்டின் அளவுகோலால் பார்த்தபோது இந்தியச் சிற்றூரில் நோயுற்றோர் 0.3 விழுக்காடு மட்டுமே. குழு தானே வகுத்த அளவுகோலால் பார்த்தபோதோ, ஆய்வு நடந்த எல்லா நாடுகளிலும் 5.6 முதல் 11.7 விழுக்காடு. ஏன் இத்தனை வேறுபாடு? பின்தங்கிய இடங்களில், முதியவரின் அறிவுத் தளர்ச்சியையும் அதனால் வந்த இடர்ப்பாட்டையும் உடனிருப்போர் குறைவாகவே எடுத்துச் சொன்னார்கள் என்று அக்குழு குறிப்பிடுகிறது. நம் வீட்டுத் தொலைபேசி உரையாடல்களே அந்தப் புள்ளிவிவரத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

'மருந்தில்லா நோய்க்குப் பெயர் எதற்கு?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லைதான். அமிலாய்டை நீக்கி, நோயின் போக்கைச் சற்றே தாமதப்படுத்தும் லெக்கனெமாப் 2023-இலும் டோனனெமாப் 2024-இலும் அமெரிக்காவில் ஏற்பு பெற்றன. அவையும் தொடக்க நிலையில் இருப்போர்க்கே பயன்படும். மூளையில் வீக்கமோ கசிவோ நேராதபடி படமெடுத்துக் கண்காணிக்கவும் வேண்டும். 2025 மே மாதத்தில் இந்நோய்க்கான குருதிச் சோதனை ஒன்றும் அங்கே அனுமதி பெற்றது. இவை எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். பெயர் தெரிந்திருந்தால் நாம் தந்தையாரை வங்கியில் தனியே நிறுத்தியிருக்க மாட்டோம். 'எத்தனை தடவை சொல்வது?' என்று கடிந்திருக்க மாட்டோம். அவர் தாமே முடிவெடுக்க வல்லவராக இருந்தபோதே, வீட்டையும் சேமிப்பையும் பற்றி அவர் விருப்பம் என்னவென்று கேட்டிருப்போம். நோயின் பெயர் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டார் நடந்துகொள்ளும் முறைக்கும் அது வேண்டும்.

எனவே, வீட்டில் முதியவர் உள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கச் செல்லுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: எது முதலில் மாறியது, எந்த மாதத்தில், எச்செயல் கைவிட்டது. அத்தாளைப் படத்தோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள். 'வயதிற்கேற்ற' என்று அறிக்கையில் கண்டால் அத்தோடு திரும்பிவிடாமல், 'அவருடைய இந்த மாற்றங்களும் வயதிற்கேற்றவையா?' என்று கேளுங்கள்.

தந்தையார் இப்போது நம் பெயரைச் சொல்வதில்லை. சென்ற வாரம் அவரருகே அமர்ந்து வெண்பா ஒன்றை வாசித்தோம். ஓரிடத்தில் வேண்டுமென்றே சீரை மாற்றினோம். முகத்தைச் சுளித்து, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.