சித்தியின் பட்டுப்புடவையும் ஆரஞ்சு ஜாக்கெட்டும்

பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட பிச்சாவரம் போயிருந்தோம். காலங்கார்த்தால சிதம்பரத்துல நடராஜர் தரிசனம், அப்புறம் இட்லி கொத்சு (இதுக்குன்னே தனியா எழுதணும்), அங்கேருந்து வேன்ல ஒரு 15 கிலோமீட்டர். மொத்தம் பதினொரு உருப்படி.

படகுத்துறையில ஆரம்பிச்சுது வம்பு. ஆளுக்கொரு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினாங்க. கோயிலுக்குன்னு கட்டின பட்டுப்புடவையோட நின்ன சித்தி, "இதைப் போட்டா போட்டோல புடவையே தெரியாதேடா"ன்னாங்க. சித்தப்பா உடனே சப்போர்ட். "இடுப்பளவு தண்ணிடா, விழுந்தா எழுந்து நின்னுக்கலாம்." படகுக்காரர் அசரலை. "போடாம நான் துடுப்பைத் தொட மாட்டேம்மா." நான் படகுக்காரர் கட்சி. ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிச்சேன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. தங்கமணிக்கு மட்டும் தெரியும்.

சில வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர், வேற ஒரு ஏரி. மோட்டார் படகு. ஏறும்போது எல்லாருக்கும் ஜாக்கெட் மாட்டி விட்டாங்க. கரை மறைஞ்சதும் ஓட்டுறவரே, "வேர்க்கும் சார், கழட்டிக்கோங்க, அது சும்மா ரூல்ஸுக்கு"ன்னார். சந்தோஷமா கழட்டினோம். நாலு வயசு பொண்ணோடதையும் நான்தான் கழட்டினேன், என் கையால. கொஞ்ச நேரத்துல யாரோ "அதோ மீன்கொத்தி"ன்னு கத்த, மொத்த படகும் ஒரே பக்கம் எழுந்து ஓடுச்சு. படகு சாஞ்சு, தண்ணி என் செருப்பை நனைச்சுது. ஓட்டுறவர் போட்ட சத்தத்துல எல்லாரும் பழைய இடத்துக்கு வந்துட்டாங்க. அவ்ளோதான், ஒண்ணும் ஆகலை. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. ரெண்டடுக்கு படகு கவிழ்ந்து 45 பேர். அங்கேயும் விலங்குகளைப் பார்க்க ஜனங்க ஒரு பக்கமா நகர்ந்ததாத்தான் பேச்சு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்ல 22 பேர். பிக்னிக் போன குடும்பம், ஏறினது மீன்பிடி படகு. 2023 மே மாசம் கேரளாவுல தானூர். இருட்டின பிறகு, அளவுக்கு மேல ஆள் ஏத்தின படகு. அதுலயும் 22 பேர், பாதிக்கு மேல குழந்தைங்க.

ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்தைத் திட்டுறோம். திட்டணும்தான், தப்பில்லை. ஆனா "இன்னும் நாலு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணி ஏத்திக்கோங்க"ன்னு கேக்கறது யாரு? நாமதானே? பைக்ல ஹெல்மெட்டை முழங்கைல மாட்டிக்கிட்டுப் போற அதே கூட்டம்தான் படகுலயும் ஜாக்கெட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காருது. வாரை இழுத்துக் கட்டலைன்னா போட்டும் பிரயோஜனமில்லை. தண்ணியில விழுந்ததும் அது மட்டும் மேல போகும், ஆள் கீழ நழுவிடுவார். பெரியவங்க சைஸை குழந்தைக்கு மாட்டினாலும் இதே கதைதான்.

சித்தப்பாவோட "இடுப்பளவு தண்ணி"க்கும் பதில் இருக்கு. அலையாத்திக் காட்டுல தண்ணிக்கு அடியில இருக்கறது தரை இல்லை, சேறு. கால் உள்ள போனா சுலபத்துல வராது.

மத்தபடி பிச்சாவரம் அருமை. சுரபுன்னை வேர்கள் ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்குது, நடுவுல குறுகலான கால்வாய், துடுப்பு சத்தம் தவிர வேற சத்தமே இல்லை. தில்லை மரமும் இருக்கு, சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வாங்கிக் கொடுத்த அதே மரம். கிளையை மட்டும் ஒடிச்சுடாதீங்க, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. பெரியப்பா வழி பூரா 'இதயக்கனி' ஷூட்டிங் கதைதான்.

ஜாக்கெட் விஷயம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? சித்தி போட்டுக்கிட்டாங்க. போட்டுக்கிட்டு, முந்தானையை எடுத்து ஜாக்கெட்டுக்கு மேல பரப்பி விட்டு, "இப்ப எடுடா"ன்னாங்க.

போட்டோவுல ஜரிகை பளிச்சுன்னு விழுந்திருக்கு.