டாக்ஸிக்கு முன் ஒரு நிமிஷம்!

கம்பத்துக் குடும்பம் ஒன்று, குழந்தை குட்டிகளோடு மாலையில் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு சென்ட்ரலில் போடி ரயிலைப் பிடிக்க வேண்டும். 2023-இல், வாரம் 3 நாள் என்று விடப்பட்ட ரயில் அது. தவறினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கில்லை. டாக்ஸியில் ஏறினால் பணமும் போகும். கிண்டி நெரிசலில் ரயிலும் போய்விடலாம்!

சகோதரிகளே, பெட்டிகள் அதிகமா? விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. நேரே சென்ட்ரலில் கொண்டு விடும். கைச்சுமை மட்டும்தானா? சுரங்கப்பாதை வழியே சாலையைக் கடந்து, திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறுங்கள். செலவு இன்னும் குறைவு. பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். மாலைக் கூட்டம் தாம்பரம் பக்கம் போவதால், பெரும்பாலும் உட்கார இடமும் கிடைக்கும். நள்ளிரவில் இறங்கினால் மட்டும் டாக்ஸியே கதி.

மிச்சப்பட்ட பணமா? ஊருக்குப் போனதும் பன்னீர்த் திராட்சைக்கு ஆகுமே!