மணலியின் பங்காளியும் வாசிங்டனின் பூட்டும்

தமிழ்நாட்டின் வடகோடியில் ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது ஆரம்பாக்கம். வடவெல்லைப் போராட்டத்தின் பின் தமிழர்க்கென எஞ்சிய நிலத்தின் வாயில்களுள் அஃது ஒன்று. கல்கத்தா நெடுஞ்சாலையில் அவ்வூர் வழியே இரவும் பகலும் சரக்குந்துகள் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருட்டாலைகளிலிருந்து இரும்புக் கம்பிகள் வெளியேறுகின்றன; எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை நோக்கிச் சரக்குப் பெட்டகங்கள் விரைகின்றன. இத்தனை உருளைகளும் உருள்வது எண்ணெயால். அவ்வெண்ணெயை வடித்துத் தரும் ஆலைகளுள் இப்பகுதிக்கு மிக அண்மையில் இருப்பது மணலி ஆலை. அவ்வாலையில் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட பங்குக்கு உடையவர் யார் என்று சாலையில் செல்வோரைக் கேட்டால் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. உடையவர் ஈரானியர்!

இது மறைவான செய்தியன்று. 1965-இல் இந்திய அரசும், ஈரான் நாட்டு எண்ணெய்க் கழகமும், அமோக்கோ என்னும் அமெரிக்க நிறுவனமும் கூடி, முறையே 74, 13, 13 விழுக்காட்டுப் பங்குகளோடு மணலி ஆலைக்கு அடியிட்டன. 1969-இல் ஆலை ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25 இலக்கம் தொன் கல்நெய்யைத் தூய்விக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. அக் கல்நெய் பாரசீகக் குடாவின் தாரியசு வயலிலிருந்து வந்தது. அவ்வயலில் எண்ணெய் எடுத்தவர்களும் ஈரானியரும் அதே அமெரிக்கருமே! தோண்டுவதிலும் கூட்டு, தூய்விப்பதிலும் கூட்டு. அன்று ஈரான் எண்ணெயில் எந்தத் தீட்டும் இருந்ததாக வாசிங்டனுக்குத் தோன்றவில்லை.

1979-இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்தது, நட்பு பகையாயிற்று. 1985-இல் அமோக்கோ மணலியை விட்டு நீங்கிற்று. ஈரானியர் நீங்கவில்லை. ஆலை சென்னைப் பெட்ரோலியக் கழகம் எனப் பெயர் மாறி, ஆண்டுக்கு 105 இலக்கம் தொன் தூய்விக்கும் அளவுக்கு வளர்ந்த பின்னும், ஈரான் கழகத்தின் கிளையான நாப்டிரான் நிறுவனத்திடம் 15.4 விழுக்காட்டுப் பங்கு இருந்து வருகிறது. ஆனால் 2019 மே திங்களில் இந்தியா ஈரான் எண்ணெயை வாங்குவதை நிறுத்தியது. பங்காளியின் பெயர் ஏட்டில் இருக்க, அவன் வீட்டு எண்ணெய்க்கு உலையில் இடமில்லாமற் போயிற்று.

இப்பூட்டு எவ்வாறு பூட்டப்பட்டது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். போர்க்கப்பல் எதுவும் சென்னைக் கடலுக்கு வரவில்லை. முதலிற் பணம் செல்லும் வழி அடைக்கப்பட்டது. 2010 திசம்பரில், ஆசிய நாடுகளின் கணக்குத் தீர்வு ஒன்றியத்தின் வாயிலாக ஈரானுக்குப் பணம் செலுத்தும் முறையை இந்திய நடுவண் வைப்பகமே நிறுத்தியது. பின்னர்த் துருக்கி நாட்டு வைப்பகம் ஒன்றின் வழியாகப் பணம் சென்றது, அவ்வழியும் நிலைக்கவில்லை. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெய் ஏற்றும் கப்பல்களுக்குக் காப்பீடு தருவதைத் தடுத்தது. அடுத்த ஆண்டு, ஈரான் எண்ணெயைத் தூய்விக்கும் ஆலைகளுக்கே காப்பீடு கிடையாது என்னும் நிலை வந்தது. நெருப்போடு நாளும் விளையாடும் ஓர் ஆலை காப்பீடின்றி ஒரு நாளேனும் ஓட முடியுமா? துப்பாக்கியால் முடியாததைக் கணக்கேடு முடித்தது.

அப்போதும் ஒரு மாற்றுவழி திறந்தது. அமெரிக்காவில் பெரிதாகத் தொழில் இல்லாத யூகோ வைப்பகத்தில், 2012 முதல், எண்ணெய் விலையின் 45 விழுக்காடு உருபாவாகவே செலுத்தப்பட்டது. ஈரானியர் அவ்வுருபாவைக் கொண்டு அரிசியும் தேயிலையும் மருந்தும் வாங்கினர். தாலர் இல்லாமல் இரு நாடுகள் வாணிகம் செய்ய முடியும் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? முடியும் என்று தெரிந்த பிறகும் அவ்வழியை அகலமாக்காமல் ஒற்றையடிப் பாதையாகவே விட்டு வைத்ததுதான் தில்லியின் குற்றம்.

2018 மேயில் அமெரிக்கா தான் ஒப்பமிட்ட அணு உடன்படிக்கையிலிருந்து தானே வெளியேறிற்று. அம்மாத இறுதியில் வெளியுறவு அமைச்சர் சுசுமா சுவராசு, ஒன்றிய நாடுகள் அவையின் தடைகளையே இந்தியா ஏற்கும், தனியொரு நாட்டின் தடைகளை ஏற்காது என்றார். ஆண்மையான சொல்! அவ்வவை முன்னர் விதித்த தடைகளும் அணு, ஏவுகணை, படைக்கலம் சார்ந்தவையே. எண்ணெய் வாங்குவதை அவை விலக்கியதில்லை. ஆயினும் ஓராண்டு நிறையுமுன் அச்சொல் காற்றிற் போயிற்று. அமெரிக்கா தந்திருந்த ஆறு திங்கள் விலக்கு 2019 மே 2-இல் முடிந்தது; இந்திய வாங்கலும் அதனோடு முடிந்தது. சாபகார் துறைமுகத்தின் கதையும் இதுவே. 2024 மே 13-இல் பத்தாண்டு உடன்படிக்கை எழுதப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா தன் விலக்கை நீக்கிற்று. பின்னர் ஆறு திங்களுக்கு இசைவு தந்தது. பத்தாண்டுக்கு எழுதிய உடன்படிக்கை ஆறு திங்கள் இசைவில் மூச்சு வாங்கிற்று!

ஈரானிய ஆட்சியாளர் தம் மக்களை நடத்தும் முறை போற்றத்தக்கதன்று. வினா அதுவன்று. இருவர் செய்யும் வாணிகத்தை மூன்றாமவன் நிறுத்தலாமா என்பதே வினா.

தமிழர்க்கும் பாரசீகர்க்கும் உள்ள தொடர்பு 1965-இல் தொடங்கியதன்று. பாண்டியர் காலத்துக் காயலுக்குப் பாரசீகக் குடாவின் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஈழத்தின் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டு அதனினும் வியப்பானது. 1409-ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல்லைச் சீனக் கடற்படைத் தலைவன் செங்கே நாட்டினான். அதில் மூன்றே மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். இந்தியப் பெருங்கடலில் வாணிகம் செய்வோர்க்கு ஒரு செய்தி எட்டவேண்டுமாயின் அது தமிழிலும் பாரசீகத்திலும் இருக்க வேண்டும் என்பது சீனனுக்குத் தெரிந்திருந்தது. தில்லிக்கு அது தெரிந்ததாகக் காணோம்.

அமெரிக்கச் சந்தையைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்று சிலர் கேட்பர். கேள்வி எளிதன்று, திருப்பூரின் பின்னலாடைகளும் இப்பகுதியின் உந்து உறுப்புகளும் அங்கே செல்கின்றன. ஆனால் பணிந்துபோனதால் சந்தை காக்கப்பட்டதா? ஈரானை விட்டாயிற்று, உருசிய எண்ணெய் அடுத்த குற்றமாயிற்று. அதை வாங்கியதற்குத் தண்டமாக, 2025 ஆகத்து 27 முதல் இந்தியச் சரக்குகள் மேல் அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காடாக ஏறியது. உருசிய எண்ணெயை மிகுதியாக வாங்கி ஊதியம் கண்டவை கூர்ச்சரக் கடற்கரையின் தனியார் ஆலைகள். அடி விழுந்ததோ திருப்பூரின் தையற்பொறிகள் மேல்! தமிழ்நாட்டு முதலமைச்சர் தலைமையமைச்சர்க்கு மடல் எழுதினார். மடல் எழுதுவதற்கு மேல் அவர்க்கு உரிமை ஏது?

இந்திய அரசியற் சட்டத்தின் நடுவண் பட்டியலில் பத்தாம் பதிவு வெளியுறவு. நாற்பத்தொன்றாம் பதிவு அயல்நாட்டு வாணிகம். ஐம்பத்து மூன்றாம் பதிவு கல்நெய். மணலியின் மூன்று சாவிகளும் தில்லியின் ஒரே வளையத்தில் தொங்குகின்றன. தமிழ்நாட்டரசு 1969-இல் அமைத்த இராசமன்னார் குழு, மாநிலங்களைத் தாக்கும் முடிவுகளை எடுக்குமுன் மாநிலங்களிடைக் குழுவைக் கலக்க வேண்டும் என்றது. அக்குழுவும்கூடப் படைத்துறைக்கும் வெளியுறவுக்கும் விலக்களித்து விட்டது. அவை தொலைவான செய்திகள் என்று அன்று எண்ணியிருக்கலாம். மணலி ஆலை ஓடத் தொடங்கிய அதே ஆண்டில் அமைந்த குழு அது!

2025 ஏப்பிரலில், மாநில உரிமைகளை ஆராயக் குரியன் சோசப்பு தலைமையில் தமிழ்நாட்டரசு மீண்டும் ஒரு குழுவை அமைத்தது. ஒரு மாநிலத்தின் ஆலையையும் துறைமுகத்தையும் ஏற்றுமதித் தொழிலையும் தாக்கும் அயல்நாட்டுத் தடையை ஏற்பதற்கு முன் அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று எழுதவும், இராசமன்னார் குழு மூடிவிட்ட அந்த ஒரு கதவைத் திறக்கவும் அதற்கு வாய்ப்பு உண்டு.