கட்டணப் பயிற்சியால் ஐ.டி. வேலை கிடைக்குமா?



ஐ.டி. வேலைக்கு வழிகாட்டுவதாகக் கட்டணம் கேட்கும் விளம்பரங்கள் கொல்லிமலைப் பிள்ளைகளின் கைபேசிக்கும் வந்துவிட்டன. மிளகும் காபியும் விற்ற காசை அந்தப் பயிற்சியில் போடப் பெற்றோர் துணிகிறார்கள். பயிற்சியே வீண் என்று சொல்லமாட்டேன். துறையில் வேலை பார்க்கும் ஒருவர் மாதிரி நேர்காணல் நடத்திக் குறைகளைச் சொன்னால், பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் புரோகிராம் எழுதத் தெரியாதவரை எந்தப் பயிற்சியாளரும் கரையேற்ற முடியாது. போலி அனுபவச் சான்றிதழ் தருவோரிடம் போகவே கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கினால் கிடைத்த வேலையும் போய்விடும்.

கட்டணமில்லாத வழிகளும் உண்டு. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி உண்டு. ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். எங்கள் பிள்ளைகளுக்குக் குறைவது நேர்காணல் பழக்கம். மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அதைத் தேடிப் போக வைக்காமல், செம்மேட்டிலேயே மாதம் ஒரு சனிக்கிழமை மாதிரி நேர்காணல் நடத்த நாமக்கல் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பொறியாளர்கள் காணொலி வழியாகவே கேள்வி கேட்கலாம்.

– ஒரு மாணவியின் தந்தை,
செம்மேடு, கொல்லிமலை.